மாத்திரையை நிறுத்தியதும் ஏன் திரும்ப வந்தது?

கேள்வி

பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீட்டில் இருக்கிறோம். அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறிக்கிறார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது சிலோனிலிருந்து வந்தவர். எனக்குக் கல்யாணமாகி இதே எஸ்டேட்டில்தான் இருக்கிறேன். தம்பிக்கு 22 வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தான். போன வருஷம் அவனோடு ரூமில் இருந்த பையன்கள் போன் பண்ணி, "அக்கா, இவன் ராத்திரி தூங்கறதே இல்ல, தனியா பேசறான், வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு யாரோ தன்னைத் திட்டுவது காதில் கேட்கிறது என்றான். டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று டி.வி.யை அணைத்துவிடுவான். சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டோம் என்று இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. காத்து கருப்பு அடித்திருக்கிறது என்று அம்மா கோடாங்கியிடம் கூட்டிப்போனார். கயிறு கட்டினார்கள், கோழி அறுத்தோம். கேட்கவில்லை. பிறகு நர்ஸ் அக்கா ஒருவர் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் பழைய தம்பியாக ஆகிவிட்டான். ஆனால் எந்நேரமும் தூக்கம், உடம்பும் ஊதிவிட்டது. "அதான் சரியாயிடுச்சே, இந்த மாத்திரையையே தின்னா மூளை மந்தமாயிடும், பழக்கமாயிடும்" என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். நிறுத்திவிட்டோம். இரண்டு மாதம் நன்றாக இருந்தான். இப்போது மறுபடி அதே கதை.

இது பேயா, நோயா? நோய் என்றால் ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டுமா? சொந்தக்காரர் ஒருவர், "ஒரு இடம் இருக்கு, கொண்டுபோய் விட்டா கட்டிப்போட்டு சரி பண்ணிடுவாங்க" என்கிறார். அம்மாவோ ஒரு கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். அம்மாவும் பாவம், விடியக்காலம் 3 மணிக்கே எழுந்து அடுப்படியில் உட்கார்ந்துவிடுகிறார். உடம்பெல்லாம் எரிகிறது என்கிறார். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆனால் வீட்டையும் காலி பண்ண வேண்டும். எனக்கு எதை முதலில் பார்ப்பது என்றே தெரியவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பந்தலூர் வட்டம்

பதில்

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பியை முதலில் பாருங்கள். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வீட்டில் மீந்திருக்கும் மாத்திரையை நீங்களாக மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, மாத்திரை அட்டை இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்து, எந்த அளவில் கேட்டது என்று தெரிந்தால் மருத்துவருக்கு வேலை பாதி முடிந்தது போலத்தான். முதல் முறை மருந்து கொடுத்து மூன்றே மாதத்தில் தெளிந்தவன், இந்த முறையும் தெளிவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: தம்பிக்கு வந்திருப்பது, அம்மாவுக்கு வந்திருப்பதாக நான் சந்தேகப்படுவது, வீடு போய்விடுமே என்ற கவலை. மூன்றையும் 'மனசு சரியில்லை' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். ஆனால் மூன்றுக்கும் வழி வேறு வேறு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தம்பிக்கு வந்திருப்பது என்ன?

நோய்தான். யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, டி.வி. தன்னைப் பற்றியே பேசுகிறது என்று உறுதியாக நம்புவது, சாப்பாட்டில் விஷம் என்று சந்தேகப்படுவது, தூக்கம் கெடுவது, குளிக்காமல் ஒதுங்குவது ஆகியவை சேர்ந்து வந்தால் அதை சைக்கோசிஸ் என்போம். காதில் விழாத ஒலியைக் கேட்டதாக மூளையே உண்டாக்கிக் கொடுக்கிறது. அதனால் அந்தக் குரல் அவனுக்கு நிஜம். நீங்கள் பேசுவது எப்படிக் கேட்கிறதோ அப்படியே கேட்கிறது. அவன் நடிக்கவில்லை, பிடிவாதம் பிடிக்கவில்லை. நீங்கள் வளர்த்த விதத்தில் குறை இருந்ததாலும் இது வரவில்லை.

இதற்குள் பல நோய்கள் அடங்கும். ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு ஒன்று. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆண்களுக்குப் பெரும்பாலும் உங்கள் தம்பியின் வயதில்தான் தொடங்கும். பைபோலார் என்கிற இருமுனை நோயிலும் இப்படி வரலாம். கஞ்சா புகைப்பவர்களுக்கும் வரும். வலிப்பு, மூளைக்காய்ச்சல், தைராய்டு கோளாறு ஆகியவற்றாலும் சில சமயம் வருவதுண்டு. எது என்று கடிதத்தை வைத்து நான் சொல்வது சரியாகாது. அறிகுறிகள் எவ்வளவு காலம் நீடித்தன என்று பார்த்த பிறகே மருத்துவர்கள் மனச்சிதைவு என்று உறுதி செய்வார்கள். திருப்பூரில் கஞ்சாப் பழக்கம் இருந்ததா என்று தம்பியிடம் தனியாக, திட்டாமல் கேளுங்கள். இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதை விடாமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் நோய் திரும்பத் திரும்ப வரும்.

ஏன் திரும்ப வந்தது?

மாத்திரை அறிகுறிகளை அடக்கியது. ஆனால் மூளையில் நோய்க்கு இடம் கொடுத்த பலவீனம் மூன்று மாதத்தில் போய்விடுவதில்லை. நிறுத்திய மறுநாளே கெட்டுப்போயிருந்தால் நீங்களே சுதாரித்திருப்பீர்கள். இரண்டு மாதம் நன்றாக இருந்ததுதான் எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. மருந்தின் பலன் மெதுவாகக் கரைந்து, நோய் மெதுவாகத் தலைதூக்கும். முதல் முறையாக இந்த நோய் வந்தவர்களை நியூயார்க்கில் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999-ல் ஓர் ஆய்வு வெளியானது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்று அதில் தெரிந்தது. உங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எத்தனை மாதம் சாப்பிட வேண்டும் என்பதை முதல் நாளே விளக்கிச் சொல்லாவிட்டால் எந்தக் குடும்பமும் இதைத்தான் செய்யும்.

ஆயுசு முழுக்கவா என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் முறை வந்தால், நன்றாகத் தெளிந்த பிறகும் ஒன்று முதல் இரண்டு வருடமாவது மருந்து தொடர வேண்டும். இரண்டாம் முறை வந்துவிட்டால் இன்னும் கூடுதல் காலம், பலருக்கு ஐந்து வருடம் வரை. சிலருக்கு நெடுங்காலம் தேவைப்படும். அதன் பிறகும் நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்லச் சொல்ல, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

தூக்கமும் உடம்பு ஊதுவதும் பொய்யான புகார்கள் இல்லை. ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன் போன்ற மருந்துகளில் இவை வரும். ஓலன்சபைனில் எடை கூடுவது அதிகம். கை நடுக்கம், உடம்பு விறைப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பது ஆகியவையும் சிலருக்கு வரும். எல்லாவற்றுக்கும் வழி உண்டு. பகலில் சாப்பிடுவதை ராத்திரிக்கு மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்குப் போகலாம். "டாக்டர், இவன் பகல் முழுக்கத் தூங்குகிறான், மூன்று மாதத்தில் இத்தனை கிலோ கூடிவிட்டது" என்று நேராகச் சொல்லுங்கள். எடையையும் ரத்தத்தில் சர்க்கரையையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பழக்கமாகிவிடும் என்று லயத்தில் சொன்னது தவறு. இந்த மருந்துகளுக்காக உடம்பு ஏங்குவதில்லை. பழக்கமாவது மெடிக்கலில் நாமாக வாங்கித் தின்னும் தூக்க மாத்திரைகள்தான். அவற்றை மருத்துவர் எழுதிக்கொடுத்த நாட்களுக்கு மேல் தொடாதீர்கள். மூளை மந்தமாகும் என்பதும் பாதிதான் உண்மை. அளவு கூடினால் மந்தமாக இருக்கும், குறைத்தால் சரியாகும். ஆனால் நோய் திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்கு வருவது கடினமாகிக்கொண்டே போகும். அந்த இழப்புக்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.

தினமும் மாத்திரை கொடுப்பது சண்டையாக மாறினால், இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி உண்டு. யானை நடமாட்டம் உள்ள எஸ்டேட் பாதையிலும், நடுவட்டம் வழியாக மண் சரிந்து பஸ் நின்றுபோகும் மழைக்காலத்திலும் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. தம்பிக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

அவனோடு எப்படிப் பேசுவது?

"அக்கா, பக்கத்து வீட்டுல என்னைக் கொல்லணும்னு பேசறாங்க" என்று அவன் சொன்னால், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல, பைத்தியம் மாதிரி பேசாதே" என்று சொல்லாதீர்கள். "ஆமாம், அவங்க அப்படித்தான்" என்று ஒத்தும் போகாதீர்கள். "எனக்கு அந்தக் குரல் கேக்கல தம்பி. ஆனா உனக்குக் கேக்குது, பயமா இருக்குன்னு புரியுது. நான் பக்கத்துலதான் இருக்கேன். தூக்கம் வந்தா பயம் குறையும், அதுக்கு டாக்டரைப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். தனக்கு நோய் என்பதை அவன் இப்போது ஒப்புக்கொள்ள மாட்டான். ஒப்புக்கொள்ள முடியாமல் போவதும் இந்த நோயின் ஒரு பகுதி. ஆனால் தூக்கமில்லை, பயமாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வான். அந்த வாசல் வழியாகவே கூட்டிப்போங்கள். சாப்பாட்டிலோ காப்பியிலோ தெரியாமல் மாத்திரையைக் கலக்காதீர்கள். ஏற்கெனவே சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறவன் அதைக் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான்.

வீட்டில் யார் பேசினாலும் குரலைத் தாழ்த்திப் பேசச் சொல்லுங்கள். ஓயாத திட்டும் குத்திக்காட்டுதலும் உள்ள வீடுகளில் இந்த நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பது பல நாடுகளில் உறுதியான விஷயம்.

கோடாங்கியும் கட்டிப்போடுவதும்

கோடாங்கியிடம் போனதற்காக அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எஸ்டேட்டுக்கு மனநல மருத்துவர் வராத காலத்தில் ஆறுதல் சொல்ல கோடாங்கிதான் இருந்தார். மாரியம்மனைக் கும்பிடுங்கள், கயிறும் கட்டிக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லாதவரை, அடித்தோ புகை போட்டோ உடம்பை வருத்தாதவரை அதில் எனக்கு மறுப்பில்லை.

தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசுவாமி கோயிலில் மனநோயுள்ளவர்கள் வந்து தங்குவது வழக்கம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையைச் சேர்ந்த ஆர். ரகுராமும் அவருடைய குழுவினரும் அங்கே தங்கிய 31 பேரைக் கவனித்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். கூடவே வீட்டு ஆள் ஒருவர் இருந்தார். காலையில் பூஜை, பிறகு பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள். நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அமைதியான இடம், துணைக்கு ஓர் ஆள், மரியாதை, கொஞ்சம் வேலை ஆகியவற்றுக்கே அவ்வளவு பலம் உண்டு. இவற்றோடு மருந்தும் சேர்ந்தால் எவ்வளவு நன்மை என்று எண்ணிப்பாருங்கள்.

கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தில் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. காலில் சங்கிலியோடு இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களையும் யாரோ ஓர் உறவினர், சரியாகிவிடும் என்று நம்பித்தான் கொண்டுவந்து விட்டிருப்பார். அதன் பிறகு உச்ச நீதிமன்றமே இதைக் கையில் எடுத்தது. மனநல சிகிச்சைச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018-ல் நடைமுறைக்கு வந்தது. மனநோயுள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று அது திட்டவட்டமாகச் சொல்கிறது. அந்தச் சொந்தக்காரரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர் சொன்ன இடத்துக்குத் தம்பியை அனுப்பாதீர்கள்.

தம்பி யாரையாவது தாக்கினாலோ, சாப்பாடு தண்ணீர் எதையும் தொடாமல் போனாலோ, குரல்கள் தன்னையோ பிறரையோ ஏதாவது செய்யச் சொல்கின்றன என்றாலோ வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அவன் சம்மதிக்காத நிலையிலும், குடும்பத்தார் துணையோடு கொஞ்ச நாள் மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. முதல் கட்டமாக 30 நாள் வரை, மருத்துவர்களின் பரிசோதனைக்கு உட்பட்டு சேர்க்கலாம்.

நீங்கள் கேட்காத கேள்வி: அம்மா

போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் கவலை தருகிறது. விடியக்காலம் 3 மணிக்கு விழிப்பு வந்து அதன் பிறகு தூக்கமே வராமல் போவது, உடம்பெல்லாம் எரிவது இரண்டும் மனச்சோர்வு நோயின் அடையாளங்களாக இருக்கலாம். நம் பெண்கள் "எனக்கு மனசு சோர்வா இருக்கு" என்று வந்து சொல்வது அபூர்வம். தலைவலி, எரிச்சல், முதுகுவலி, நெஞ்சு படபடப்பு என்றுதான் வருவார்கள். அவர்களுக்கும் அது நோய் என்று தெரியாது, பார்க்கிறவர்களுக்கும் தெரியாது.

கவலைக்கும் நோய்க்கும் வித்தியாசம் எங்கே? கவலைப்படும் ஒருவர் நல்ல செய்தி வந்தால் கொஞ்சமாவது சிரிப்பார். பேரப்பிள்ளை வந்து மடியில் ஏறினால் முகம் மாறும். சோர்வு நோயில் அது மாறாது. பிடித்த எதுவும் பிடிக்காமல் போவது, பசி குறைவது, சின்ன வேலையும் மலையாகத் தெரிவது, தன்னால் எல்லோருக்கும் பாரம் என்று நினைப்பது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் இருந்தால் அது நோய். அம்மாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். "வாழ்ந்து என்னம்மா" என்ற மாதிரி எண்ணம் வருகிறதா என்பதையும் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகும் என்று பயப்பட வேண்டாம். கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. 'ஆமாம்' என்றால் அன்றைக்கே உதவி தேடுங்கள். தம்பியிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு காரியம். வீட்டிலோ பக்கத்திலோ பூச்சி மருந்து, களைக்கொல்லி இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், அல்லது பூட்டிச் சாவியை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். உங்கள் அம்மா பிறந்த நாடே இதற்குச் சான்று. 1990-களின் நடுவில் இலங்கையில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய விஷமுள்ள பூச்சி மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். விகிதம் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சாக வேண்டும் என்ற எண்ணம் அலை போல ஏறி இறங்கும். அது இறங்கும்வரை கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் ஓர் உயிர் மிஞ்சும்.

அம்மாவுக்கு முதலில் ரத்தப் பரிசோதனை எடுங்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, சர்க்கரை எல்லாம் இதே மாதிரி காட்டும். அவை இல்லையென்றால் சோர்வுக்கான மருந்து இருக்கிறது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்குள் "கேக்கல" என்று நிறுத்திவிட வேண்டாம். தெளிந்த பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும்.

வீடு போகும் கவலைக்கு மாத்திரை கிடையாது

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. பிறந்து வளர்ந்த மலையை விட்டு, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் உங்கள் அம்மாவின் குடும்பமும் இருந்திருக்கும். அப்படி வந்தவர்களுக்காகவே 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. சிறுவயதில் ஒரு வீட்டை இழந்தவர், முதுமையில் இன்னொரு வீட்டை இழக்கப்போகிறேன் என்று பயப்படுவதை நோய் என்று நான் எழுத மாட்டேன். அது நியாயமான பயம்.

அதற்கு மருந்து வெளியே இருக்கிறது. தொழிற்சங்கத்திடம் இப்போதே பேசுங்கள், ரிட்டயர் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். பணிக்கொடை, வருங்கால வைப்புநிதிக் கணக்கு இரண்டையும் சரிபார்த்து வையுங்கள். வீடு வேண்டி மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அம்மாவையும் கூட அழைத்துப்போங்கள். தன் வீட்டுக்காகத் தானே போய் நின்று கேட்டேன் என்பது அவருக்குத் தெம்பு தரும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். மனுவும் கொடுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

கல்யாணம், வேலை

கல்யாணம் எந்த மனநோய்க்கும் மருந்தில்லை. நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது செய்தால் தம்பிக்கும் கஷ்டம், வந்த பெண்ணுக்கு அநியாயம். நன்றாகத் தெளிந்து, ஒரு வேலையில் நிலைத்து, தனக்கு என்ன நோய், என்ன மருந்து என்று தானே எடுத்துச் சொல்லும் நிலை வந்த பிறகு அவன் விருப்பத்தோடு பேசலாம். அப்போது பெண் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். மறைத்துச் செய்த கல்யாணங்கள் மாத்திரையையும் மறைத்துச் சாப்பிட வைக்கின்றன. கடைசியில் மாத்திரை நின்றுபோகும், நோய் திரும்பும், விஷயம் கோர்ட்டுக்குப் போகும். பிள்ளைகளுக்கு வருமா என்றால், மனச்சிதைவு உள்ள ஒருவரின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று அளவில். பத்தில் ஒன்பது பேருக்கு வராது.

குரல்கள் நின்ற பிறகும் சில மாதம் அவன் சுறுசுறுப்பில்லாமல், பேச்சுக் குறைந்து இருப்பான். அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியிடம் அடுத்த வாரமே யாரும் கொழுந்து கேட்பதில்லை. துளிர்த்து மட்டம் பார்க்கும்வரை விடுகிறோம். அந்த அவகாசத்தை அவனுக்கும் கொடுங்கள். முதலில் தண்ணீர் பிடிப்பது, கடைக்குப் போய்வருவது. பிறகு அரை நாள் வேலை. பிறகு முழு நாள். ராத்திரி ஷிப்ட் உள்ள வேலைக்கு இப்போதைக்கு அனுப்ப வேண்டாம், அவனுக்குத் தூக்கமே பாதி மருந்து.

நம்பிக்கைக்கு ஆதாரம் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையில் 1981 வாக்கில் முதல் முறையாக மனச்சிதைவு வந்த 90 பேரைச் சேர்த்துக்கொண்டு, பல்லாண்டுகள் விடாமல் கவனித்தார்கள். டாக்டர் ஆர். தாராவின் பெயரோடு அறியப்படும் ஆய்வு அது. பத்தாண்டு முடிவில் அவர்களில் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தார்கள். வேலைக்குப் போனார்கள், குடும்பம் நடத்தினார்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு 1984-ல் மனச்சிதைவு உள்ளவர்களுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியதும் இந்த நம்பிக்கையில்தான்.

எங்கே போவது?

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருவார். கூடலூர், பந்தலூர் அரசு மருத்துவமனைகளில் எந்தக் கிழமை என்று நர்ஸ் அக்காவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். உங்களுக்கு சுல்தான் பத்தேரி பக்கம் என்றால் அங்கே போனாலும் சரி. தொடர்ந்து போய்வர முடிகிற இடமே நல்ல இடம். அரசு மருத்துவமனைகளில் மருந்துக்குக் காசில்லை. அம்மாவையும் அன்றைக்கே கூட்டிப்போய்த் தனிச் சீட்டுப் போடுங்கள்.

மருத்துவர் தம்பியிடம் தனியாகப் பேசுவார், பிறகு உங்களைக் கூப்பிடுவார். எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூங்குகிறான், என்ன குரல் கேட்கிறது, தலையில் அடி, வலிப்பு, போதைப் பழக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்பார். இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பதற்றத்தில் மறக்காது. திரும்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த மருந்தை எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும், என்ன பக்கவிளைவு வரும், அடுத்து எப்போது வர வேண்டும்.

வர முடியாத நாட்களில் 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலிமனாஸ் சேவை அது. கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு. தற்கொலை எண்ணம் வந்தால் சென்னையின் ஸ்நேகா அமைப்பின் 044-24640050 எண்ணிலும் பேசலாம். நீங்களும் அழைக்கலாம். தம்பி, அம்மா இருவரையும் தாங்குகிற உங்களுக்கும் தூக்கமும் ஆறுதலும் வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது வேறு ஒருவரைப் பொறுப்பில் விட்டு ஓய்வெடுங்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும் லயத்து அண்டை வீட்டாருக்கு. நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் மனநலக் கோளாறு இருந்தது. நோயைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. உங்கள் லயத்திலும் ஒரு வீட்டில் இது இருக்கும். மாத்திரையை நிறுத்து என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், 'பைத்தியம்' என்று கூப்பிடாதீர்கள். திருவிழாவுக்குக் கூப்பிடுங்கள், கைவேலை இருந்தால் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் யாராவது ஒருவர் துணைக்குப் போங்கள். மருத்துவர் மாதத்தில் ஒரு நாள்தான் அவனைப் பார்ப்பார். மீதி நாளெல்லாம் அவன் உங்கள் நடுவில்தான் இருக்கப்போகிறான்.